ஓரம் மடித்துத் தைத்த வீடு

எங்கள் வீட்டை அம்மா முதலில் துணியில்தான் வெட்டினாள்.

கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்த வழி அது. பள்ளிக்கூடச் சீருடையும் ஜன்னல் திரைச்சீலையும் தைப்பது அவள் தொழில். திரைச்சீலைத் துணியின் ஓரத்தில் மிஞ்சுகிற துண்டுகளை அவள் எறிய மாட்டாள். கொடுத்தவர்களிடம் கேட்டு வாங்கிச் சுருட்டி வைத்துக்கொள்வாள். அப்படிச் சேர்ந்த மூட்டை எங்கள் கட்டிலுக்கு அடியில் ஓர் ஆள் படுத்திருப்பதுபோல் கிடக்கும். "இது எதுக்கும்மா?" என்று அண்ணன் கேட்கும்போதெல்லாம், "எதுக்காவது ஆகும்" என்பாள். கடைசியில் அது வீட்டுக்கே ஆயிற்று.

அப்பா பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். அவரும் அம்மாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் பெரும்பகுதி மனைக்கே போய்விட்டது. மிச்சத்தில் எவ்வளவு கட்டலாம் என்று நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வந்து அப்பா சொன்னார்.

"பதினெட்டடி அகலம், இருபத்தெட்டடி நீளம். அவ்வளவுதான் நம்ம கை நீளம். அதுக்கு மேல ஒரு வரிசை செங்கல் வெச்சாலும், நான் வேனை வித்துட்டு அந்தப் பிள்ளைங்களைத் தோள்ல தூக்கிட்டுத்தான் ஓடணும்."

அம்மா பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"துணி இவ்வளவுதான்னு சொல்லிக் கொண்டாந்து குடுக்கிறவங்ககிட்ட நான் என்னிக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் தினமும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவள். குறைவான துணியை மேசையில் விரித்துவிட்டு அம்மா கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள். தொட மாட்டாள். பிறகு முதுகுத் துண்டை ஓர் ஓரமாக வைப்பாள், கைத்துண்டுகளைத் தலைகீழாகத் திருப்பி அதன் வளைவுக்குள் செருகுவாள், காலருக்கு இடமே இல்லை என்று நான் நினைக்கும்போது இரண்டு கைகளுக்கு நடுவே காலர் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். வெட்டி முடித்தபின் மேசையில் மிஞ்சுவது ஒரு கைப்பிடிகூட இருக்காது. துணி கொடுத்தவர் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பத்தாதுன்னுல்ல நெனச்சேன்" என்பார். அம்மா நூலைப் பல்லால் கடிப்பாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் முன்பக்கம் ஒரு கூடம், பின்பக்கம் இரண்டு அறைகள், இரண்டையும் சேர்க்கும் ஒரு நடை. அந்த நடைதான் என் இடம். ஒரு பக்கம் தையல் இயந்திரம், மறுபக்கம் குளியலறைக் கதவு, நடுவில் என் பாய். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிற அண்ணன் காலையில் வரும்போது என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். "நகருடி ஊமைக்கோட்டான்" என்று காலால் தட்டிவிட்டுப் போவான்.

படுப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டம் பகலில்தான். அம்மாவுக்குக் கையில் அறுவை சிகிச்சை நடந்த வருடம் நான் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வீட்டில் நின்று தையலைப் பார்த்துக்கொண்டேன். மறு வருடம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு போய் உட்காரக் கூச்சமாக இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பள்ளிப் புத்தகங்களை மட்டும் பாய்க்கடியில் வைத்திருந்தேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் நடைவரைக்கும் வந்து என்னைப் பார்த்துவிட்டு, "பொண்ணு ஏன் ஸ்கூலுக்குப் போகலை?" என்று கேட்பார்கள். நல்ல மனசோடுதான் கேட்பார்கள். எனக்குத்தான் தொண்டையில் துணி அடைத்ததுபோல் ஆகிவிடும். அதனால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். பேச்சு நீளுகிறவர்கள் வந்தால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பேன்.

இதைப்பற்றி நான் அம்மாவிடம் பேசியதில்லை. அவளும் கேட்டதில்லை. ஆனால் வீட்டுப் பேச்சு தொடங்கிய அன்று, ஊசியில் நூல் கோத்தபடியே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

"உனக்கு ஒரு கதவு வைக்கிறேன்."

அந்த வார்த்தையை நான் வாய்க்குள் மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வரைபடம் போடுகிறவர்களிடம் போவதற்கு முன் வீட்டை ஒரு தரம் "ட்ரையல் பார்க்கணும்" என்று அம்மா முடிவு செய்தாள். போட்டுப் பார்க்காமல் எந்த உடுப்பையும் அவள் கொடுத்தனுப்பியதில்லை. மூட்டையைப் பிரித்து, துண்டுகளை ஒட்டுப் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெரிய துணி தைத்தாள். கூடத்துக்குப் பூப்போட்ட மஞ்சள், சமையலறைக்குக் கட்டம் போட்டது, நடைக்குக் கோடு போட்டது, குளியலறைக்கு வெள்ளை, அப்பா அம்மா அறைக்குச் சாம்பல் நிறம், பகலில் தூங்குகிற அண்ணனுக்குக் கறுநீலம். எனக்கு இளம்பச்சை. அளவுக்கு அவள் மேசையையும் கட்டிலையும் அளக்கவில்லை, எங்களை அளந்தாள். அப்பாவைச் சட்டை மாட்டச் சொல்லி, அப்போது அவர் முழங்கை எதுவரை போகிறது என்று இன்ச் டேப்பை நீட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் கைகால் பரப்பிக் கிடந்த அகலத்தை எடுத்தாள். அவன் விழித்துக்கொண்டு, "எனக்குப் பெட்டி செய்யப் போறியாம்மா?" என்று அலறினான்.

பின்வரிசையில் மூன்று அறைகள் பக்கம் பக்கமாக. அப்பா அம்மாவுக்கு எட்டடி, அண்ணனுக்கு ஆறு, எனக்கு நாலு. கூட்டினால் பதினெட்டு. ஒரு நூல் மிச்சமில்லை. ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் அரை இன்ச் தையலுக்கு விட்டு, மடித்துத் தைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேனில் துணிகளை ஏற்றிக்கொண்டு மனைக்குப் போனோம். புல்லைச் செதுக்கி, துணிகளை விரித்து, மூலைகளில் கல் வைத்தோம். வெறும் மண்ணில் ஒரு வீடு படுத்திருந்தது.

"சரி, எல்லாரும் உள்ள வாங்க" என்றாள் அம்மா. "வாசல் வழியா!"

அப்பா வாசலாக வைத்த இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார். கூடத்தில் உட்கார்ந்து காற்றில் செய்தித்தாளைப் பிரித்தார். அண்ணன் கறுநீலத்தின்மேல் மல்லாந்து படுத்து, "வெளிச்சம் அடிக்குதும்மா, கூரையைப் போடு" என்றான். பிறகு தாகம் எடுத்து எழுந்தவன், சமையலறைக்கு நேராக நடந்து போனான்.

"டேய்! சுவர்ல நடக்காத!"

அவன் நிஜமாகவே துள்ளி விலகினான். தெருவில் போன ஒரு பெண்மணி சைக்கிளை நிறுத்தி வெகு நேரம் பார்த்தாள். பிறகு, "இந்த மஞ்சள் துணி மீட்டர் என்ன விலை?" என்று கேட்டாள்.

"அது எங்க ஹாலுங்க" என்றார் அப்பா.

"எந்தக் கடை?"

"கடை இல்லைம்மா, ஹால். நான் இப்ப ஹால்ல உக்காந்திருக்கேன்."

அவள் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு போனாள்.

நான் என் பச்சைத் துணியில் உட்கார்ந்திருந்தேன். நாலடி அகலம், ஒன்பதடி நீளம். கதவு இருக்கப்போகிற இடத்தில் அம்மா சாக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். அந்தக் கோட்டைத் தாண்டி யாரும் வரவில்லை. சுற்றிலும் வெட்டவெளி, தெருவில் ஆட்கள், இருந்தும் எனக்கு உள்ளே இருப்பதுபோல் இருந்தது.

பத்து மணிக்கு வரைபடம் போடுகிற அக்கா வந்தாள். எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் போவார்கள். கையில் நீளமான உலோக டேப், காதில் பென்சில். துணிகளைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அப்பாவைப்போலவே வாசல் வழியாக உள்ளே வந்தாள். அப்போதே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

"ரொம்ப அழகா இருக்கும்மா. நான் காகிதத்துல காட்டுற எந்த வீட்டையும் யாரும் இப்படி நடந்து பாத்ததில்லை." அவள் அறை அறையாக அளந்து எழுதிக்கொண்டே வந்தாள். பின்வரிசைக்கு வந்தபோது பென்சில் நின்றது. "அம்மா, இது உள் அளவா, வெளி அளவா?"

"அளவுன்னா அளவுதான்மா. அதுல என்ன உள்ளே வெளியே?"

"இல்ல… சுவர் எங்க வருது?"

அம்மா துணிகளின் விளிம்பைக் காட்டினாள். "இதோ, இந்த ஓரத்துல. தையலுக்கு அரை இன்ச் விட்டிருக்கேனே."

அக்கா பக்கத்து மனையில் அடுக்கியிருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்து வந்து, அப்பா அறைக்கும் அண்ணன் அறைக்கும் நடுவே நீளவாக்கில் குறுக்கே வைத்தாள். அது இரண்டு துணிகளின்மேலும் ஏறி உட்கார்ந்தது.

"சுவர் இவ்வளவு தடிமன்மா. ஒன்பது இன்ச். இந்த வரிசையில வெளிச்சுவர் ரெண்டு, உள்சுவர் ரெண்டு. மூணடி போயிடும்."

அம்மா செங்கல்லையே பார்த்தாள். துணியில் தைக்கிற தையல் உள்பக்கம் மடிந்துகொள்ளும், யார் இடத்தையும் எடுத்துக்கொள்ளாது. அந்த நினைப்பிலேயே அவள் வீடு முழுக்க வெட்டியிருந்தாள். தையலுக்கு அரை இன்ச் விட்டிருக்கிறாள், சுவருக்கு விடவில்லை. இந்தத் தப்பை உலகத்தில் அம்மா ஒருத்தியால்தான் இவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. அவள் முகம் வாடியதைத்தான் பார்த்தேன்.

"உள்சுவரை நாலரை இன்ச்ல கட்டலாம்" என்றாள் அக்கா. "முக்கால் அடி திரும்பக் கிடைக்கும். ஆனா மீதி ரெண்டேகால் அடி எங்கிருந்தாவது வரணும்."

எங்கிருந்து வரும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அப்பா அம்மா அறையில் கட்டிலும் அலமாரியும் போட்டால் எட்டடி தேவை. அண்ணன் அறையை இன்னும் குறைத்தால் அவன் கை சுவரில் இடிக்கும். மூன்று பேரும் பச்சைத் துணியைப் பார்த்தார்கள். அதன்மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

"ஒண்ணே முக்கால் அடி" என்று அண்ணன் கணக்குப் போட்டான். "பரவாயில்ல. குதிரை மாதிரி நின்னுக்கிட்டே தூங்கலாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டான். "சும்மா சொன்னேன்டி."

அப்பா தொண்டையைச் செருமினார். "ஒண்ணு பண்ணலாம். இவன் ராத்திரி வேலைக்குப் போயிடறான். அவன் ரூம் ராத்திரி காலிதானே? குட்டி அங்க படுத்துக்கட்டும். என்னடா குட்டி?"

நான் தலையாட்டினேன். யார் எது கேட்டாலும் தலையாட்டுவது என் வழக்கம். அப்பா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எழுந்து பச்சைத் துணியின் ஒரு மூலையில் இருந்த கல்லை எடுத்தேன்.

"வை அதை" என்றாள் அம்மா.

வைத்தேன்.

"ஏங்க, அவளுக்குப் படுக்கவா இடம் வேணும்? படுக்கிறதுக்குத்தான் நடையிலயே படுக்கிறாளே. பகல்ல இருக்க இடம் வேணும். பகல்ல அந்த ரூம்ல இவன் கொறட்டை விட்டுட்டு இருப்பான். இவ எங்க போவா? மறுபடியும் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரவா?"

எனக்குக் காது சுட்டது. வாளி அவளுக்குத் தெரிந்திருந்தது. இயந்திரத்தை மிதித்துக்கொண்டே, வந்தவர்களோடு பேசிக்கொண்டே, குளியலறைக்குள் வாளி கவிழும் சத்தத்தை அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கு டைம் குடும்மா" என்று அக்காவிடம் சொன்னாள். "கை இல்லாத சட்டையைத் தைச்சு நான் யாருக்கும் குடுத்ததில்லை."

அந்த வாரம் அம்மாவிடம் யாரும் வாய் கொடுக்கவில்லை. கறுப்பு லைனிங் துணியில் ஒன்பது இன்ச் அகலத்துக்கும் நாலரை இன்ச் அகலத்துக்கும் நீள நீளமாகப் பட்டைகள் வெட்டினாள். அவைதான் சுவர்கள். வெட்டியதோடு விடவில்லை, ஓரம் மடித்துத் தைத்தாள்.

"சுவருக்கு எதுக்கும்மா ஓரம்?" என்றான் அண்ணன். "மண்ணுல போட்டு மிதிக்கத்தானே போறோம்?"

"பிசிறு தெரிஞ்சா எனக்கு யோசனை ஓடாது."

அறைகளைச் சின்னதாகக் காகிதத்தில் வெட்டித் தைக்கும் மேசையில் பரப்பினாள். சமையலறையைத் திருப்பினாள், கூடத்தை நகர்த்தினாள். எனக்கான பச்சைக் காகிதத்தைக் குறுக்காக வைத்துப் பார்த்தாள். அப்பா வேனை நிறுத்திவிட்டு வந்ததும் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள், "என் அலமாரியை வித்துடறேன், ஒண்ணரை அடி மிச்சமாகும்" என்றார். "உங்க சட்டையை எல்லாம் எங்க மாட்டுவீங்க?" "வேன்லதான். எனக்கு அங்க நல்ல வெளிச்சம்." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போது மட்டும்தான். அண்ணனும் ஒரு காலையில், என்னைத் தாண்டாமல் நடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "என்னோடதுல அரை அடி வேணும்னா அம்மாவை எடுத்துக்கச் சொல்லு. நான் ஒருக்களிச்சுப் படுத்துப் பழகிக்கிறேன்" என்றான். பிறகு, "ஊமைக்கோட்டானுக்குக் குடுக்கிறேன்னு யார்கிட்டயும் சொல்லாத" என்று எழுந்து போனான். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்?

எல்லாம் கூட்டினாலும் போதவில்லை. பின்வரிசையில் மூன்று அறைகள் அடங்குவதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி மனைக்குப் போனோம். இந்தத் தடவை துணிகளுக்கு நடுவே கறுப்புச் சுவர்கள் ஓடின. வீடு திடீரென்று இளைத்துவிட்டதுபோல் தெரிந்தது. பச்சைத் துணியை மடித்து மடித்து, கடைசியில் ஒரு துண்டுபோல் ஒடுங்கிய அளவில் விரித்துவிட்டு, அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். அக்கா வர இன்னும் நேரம் இருந்தது. அப்பாவும் அண்ணனும் கல் பொறுக்கப் போனார்கள். எனக்கு எங்கே இருப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு போய் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஏன்டி அங்க உக்காந்திருக்கே?"

நான் குனிந்து பார்த்தேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே, கூடத்திலிருந்து பின்னறைகளுக்குப் போகிற கோடு போட்ட துணியின்மேல் உட்கார்ந்திருந்தேன். நடை. பழக்க தோஷம்.

சட்டென்று எழப் போனேன். "எழுந்திருக்காத" என்றாள். அருகில் வந்து நான் உட்கார்ந்திருந்த துணியைச் சுற்றி நடந்தாள். இன்ச் டேப்பை விரித்தாள். "மூணரை அடி. நீளம் ஒன்பது." டேப் அவள் விரலிலிருந்து நழுவிச் சுருண்டது. "இந்த நடையை நான் எதுக்கு வெச்சேன்?"

கேள்வி என்னிடம் இல்லை. ஆனாலும் நான் யோசித்தேன். வாடகை வீட்டில் நடை இருக்கிறது. அதனால் வைத்தாள்.

"அளவுச் சட்டை" என்றாள் அம்மா, நான் நினைத்தது அவளுக்குக் கேட்டதுபோலவே. சிலர் அளவு கொடுக்க வராமல் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புவார்கள். அதில் ஒரு தோள் இறங்கியிருந்தால் அந்தக் கோணலையும் சேர்த்துத் தைத்து வைக்கிற தையல்காரர்களைப்பற்றி அம்மா எவ்வளவு கேலி பேசியிருக்கிறாள்! இப்போது தன் தலையிலேயே ஒரு குட்டு குட்டிக்கொண்டாள். "இருக்கிற வீட்டை அளவுச் சட்டையா வெச்சுக்கிட்டு, அதோட கிழிசலையும் பாத்துப் பாத்துத் தைச்சிருக்கேன் பாரு! ஏங்க! டேய்! இங்க வாங்க, ஹாலைத் தூக்கணும்!"

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வருகின்றன. கூடம் முன்னால் இருப்பதால்தானே பின்னறைக்குப் போக நடை வேண்டியிருக்கிறது? கூடத்தை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லா அறையும் கூடத்தைப் பார்த்தே திறக்கும். அப்பா மஞ்சள் துணியின் ஒரு முனையையும் அண்ணன் மறுமுனையையும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். காற்று அதைப் பாய்மரம்போல் உப்பவைத்தது. "ஹாலை இழுத்துப் பிடிங்க, பறந்துடப் போகுது!" சமையலறை முன்னால் போனது. அதன் பக்கத்தில், கூடத்திலிருந்து கிள்ளிய இடத்தில் ஒரு தையல் அறை, அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு அதில் தெருவைப் பார்த்துத் தனி வாசல். வீட்டு வாசல் பக்கச் சந்துக்குப் போனது. பின்வரிசையில் அப்பா அம்மா அறையும் அண்ணன் அறையும் மட்டும். சுவர்கள் போக அங்கே அலமாரி செருகக்கூட இடம் மிஞ்சியது.

கடைசியாக அம்மா கோடு போட்ட நடைத் துணியின் முனையைப் பிடித்து, என்னையும் சேர்த்து, இழுத்தாள். நான் பிறகுதான் எழுந்தேன். நடுவில் இருந்த அந்தத் துண்டைக் கூடத்தின் ஓரத்துக்குத் தள்ளி, வெளிச்சுவரை ஒட்டிப் போட்டாள். மற்றப் பக்கங்களுக்குக் கறுப்புப் பட்டைகளை விரித்தாள். பச்சைத் துணியைப் பிரித்து அதன்மேல் போர்த்தினாள். அரையடி அகலம் கூடுதலாக இருந்ததை உள்ளே மடித்துவிட்டாள்.

வழியாக இருந்தது அறையாகிவிட்டது. யாரும் தாண்டிப் போக முடியாத அறை.

அக்கா வந்தபோது நாங்கள் நால்வரும் வியர்த்துக் கொட்டி நின்றோம். அவள் பக்கச் சந்தில் இருந்த புது வாசலைத் தேடிப் போய்ச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கறுப்புப் பட்டைகளின்மேல் டேப்பை வைத்துப் பார்த்தாள். குனிந்து, ஒரு பட்டையின் ஓரத்தைத் திருப்பி, மடித்துத் தைத்திருந்ததைத் தடவினாள்.

"சுவருக்கு ஓரம் அடிச்சிருக்கீங்க!" என்றாள்.

"அது அப்படித்தான் மேடம்" என்றான் அண்ணன். "எங்க வீட்டுச் சுவர் பிசிறாது."

"குளியலறையை இங்கிருந்து நகர்த்தி, சமையலறையோட பின்சுவரை ஒட்டிப் போடலாமா?" என்று அக்கா அம்மாவிடம் அனுமதி கேட்டாள். "ரெண்டுக்கும் ஒரே பக்கமா குழாய் ஓடும். குழாய்ச் செலவு பாதியாகும்."

அம்மா அந்தத் துணியைத் தானே நகர்த்தினாள். நகர்த்திவிட்டு, நல்ல காலர் ஒன்றைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "இது எனக்குத் தோணலை பாரு" என்றாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரே வேலை செய்கிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

"ஹால்தான் சின்னதாயிடுச்சு" என்றார் அப்பா. "வந்தவங்க சீக்கிரம் கிளம்பிடுவாங்க. நல்லதுதான்."

அக்கா எல்லாவற்றையும் வரைந்துகொண்டு, என் அறையின் முன்னால் வந்து நின்றாள். "சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் வெச்சிடலாம். கதவு?" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாப்பா, கதவு உள்ள திறக்கணுமா, வெளிய திறக்கணுமா?"

"உள்ளதான் எல்லாரும் வைப்பாங்க" என்றார் அப்பா.

"வெளிய வெச்சா ஹால்ல போறவன் மூக்கு உடையும்" என்றான் அண்ணன்.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க. கதவு அவளுது" என்றாள் அம்மா.

அக்காவின் பென்சில் காகிதத்தின்மேல் காத்திருந்தது. தலையாட்டுவதற்கு வழியில்லாத கேள்வி. உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் அதை வாயால்தான் சொல்ல வேண்டும். கறுப்புப் பட்டையையும், அதற்குள் இருந்த பச்சையையும் பார்த்தேன். கதவு உள்ளே திறந்தால் அதை ஒட்டிய மூலை முழுக்கக் கதவுக்கே போய்விடும். அந்த மூலைக்குத்தான் ஜன்னல் வெளிச்சம் வரும்.

"வெளிய" என்றேன்.

அக்கா குனிந்தாள். "கேக்கலையே."

"வெளிய திறக்கட்டும். உள்ள… உள்ள மேசை போடணும்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அண்ணன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். ஊமைக்கோட்டான் என்றுதான் வந்திருக்கும், ஆனால் சொல்லவில்லை. மேசை எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் நான் மறுபடி வாளிக்கே போயிருப்பேன்.

அம்மா கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்தாள்.

"உக்காரு."

பச்சைத் துணியில் உட்கார்ந்தேன்.

"முதுகை நிமித்து. கையை மேசைமேல வெச்ச மாதிரி வை. ரெண்டு கையையும். எப்படி வெச்சுப்பியோ அப்படியே வை, எனக்காக ஒடுங்காத."

முழங்கைகளை அகட்டி வைத்தேன். அவள் இந்த முழங்கையிலிருந்து அந்த முழங்கைவரை டேப்பைப் பிடித்தாள். பிறகு தோளிலிருந்து முன்னால் நீட்டிய விரல்வரை. அவள் விரல்களில் சாக்கட்டித் தூள் ஒட்டியிருந்தது. எத்தனையோ பேருக்கு அவள் அளவெடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மெதுவாக எடுத்துப் பார்த்ததில்லை.

அளவை அக்காவிடம் சத்தமாகச் சொன்னாள். அக்கா எழுதிக்கொண்டாள்.

"இது சுவர் போக" என்றாள் அம்மா.